ஏசி குளிரவில்லையா, ஹீட்டிங் சூடாகவில்லையா: கேஸ் போடும் முன் பார்க்க வேண்டியவை

ஏசி சரியாகக் குளிரவில்லை என்றதும் பலர் வாயில் முதலில் வருவது "கேஸ் தீர்ந்துபோயிருக்கும்" என்பதுதான். கேஸ் தீராது. அது பெட்ரோல் போல எரிந்து செலவாகும் பொருள் அல்ல. மூடிய காப்பர் குழாய்க்குள் திரவமாகவும் ஆவியாகவும் மாறி மாறிச் சுற்றிக்கொண்டே இருப்பது. பத்து வருடம் ஓடிய மெஷினாக இருந்தாலும், கசிவு இல்லையென்றால் முதல் நாள் இருந்த அளவு அப்படியே இருக்கும். வருடா வருடம் கேஸ் நிரப்ப வேண்டியிருக்கிறது என்றால் அது பராமரிப்பு அல்ல, யாரும் தேடிப் பிடிக்காத ஒரு கசிவு.

அதனால் கேஸைக் கடைசியில் சந்தேகிப்பதுதான் சரியான வரிசை. முதலில் காற்று தடையில்லாமல் போகிறதா, பிறகு தண்ணீர் வடிகிறதா, அப்புறம் கரண்ட் ஒழுங்காக வருகிறதா என்று பாருங்கள். பெரும்பாலான கோளாறுகள் இந்த மூன்றிலேயே அகப்பட்டுவிடும். கீழே சொல்வது முக்கியமாகச் சுவரில் மாட்டும் ஸ்பிளிட் ஏசிக்கானது. ஹீட்டிங் பற்றிக் கடைசிப் பகுதிகளில் வருகிறது.

கை வைக்கும் முன் ஒன்று. ரிமோட்டில் ஆஃப் செய்தால் மட்டும் போதாது, எம்சிபியையே (மின் பெட்டியில் ஏசிக்கான பாதுகாப்பு சுவிட்ச்) இறக்கிவிடுங்கள். அவுட்டோர் யூனிட்டின் மூடியைக் கழற்ற வேண்டிய வேலை எதையும் வீட்டில் செய்ய வேண்டாம். உள்ளே இருக்கும் கெபாசிட்டரும் (மோட்டார் கிளம்ப உதவும் மின்தேக்கி), கேஸை அழுத்திச் சுற்றவிடும் கம்ப்ரசரின் வேகத்தை மாற்றும் இன்வெர்ட்டர் போர்டும் கரண்ட்டை நிறுத்திய பிறகும் சில நிமிடங்களுக்கு ஆளைத் தூக்கிப் போடும் அளவுக்கு மின்சாரத்தைத் தேக்கி வைத்திருக்கும்.

ஆன் ஆகவே மாட்டேன் என்கிறது

ரிமோட்டிலிருந்து தொடங்குங்கள். செல்போனின் முன்பக்கக் கேமராவை ஆன் செய்து, ரிமோட்டின் நுனியை அதற்குக் காட்டி ஒரு பட்டனை அழுத்துங்கள். திரையில் வெளிர் ஊதா நிறத்தில் ஒரு புள்ளி மினுக்கினால் ரிமோட் வேலை செய்கிறது. மினுக்காவிட்டால் பேட்டரியை மாற்றிப் பாருங்கள். இன்டோர் யூனிட்டின் முன்மூடியைத் தூக்கினால் பெரும்பாலான மாடல்களில் ஒரு சின்ன பட்டன் இருக்கும். ரிமோட் இல்லாமலே ஓட்டுவதற்காக வைத்தது அது. அதை அழுத்தி ஏசி ஓடினால் கோளாறு ரிமோட்டிலோ, சிக்னல் வாங்கும் சென்சாரிலோதான்.

அதற்கும் அசையவில்லை என்றால் எம்சிபி, ஸ்டெபிலைசர், பிளக் என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள். பிளக்கின் முள் பழுப்பேறியிருந்தாலோ, சாக்கெட் உருகிய வாடை வந்தாலோ அங்கே இணைப்பு தளர்ந்து சூடாகியிருக்கிறது. சாக்கெட்டை மாற்றாமல் திரும்ப ஓட்டாதீர்கள்.

இன்டோர் ஓடுகிறது, அவுட்டோர் மட்டும் கிளம்பவில்லை என்று பதறும் முன் மூன்று நான்கு நிமிடம் பொறுங்கள். கரண்ட் போய்வந்த உடனே கம்ப்ரசர் கிளம்பாது. குழாய்க்குள் இரண்டு பக்க அழுத்தமும் சமமாக வேண்டும் என்பதற்காகக் கம்பெனியே வைத்திருக்கும் தாமதம் அது. பொறுமையில்லாமல் ஆஃப், ஆன், ஆஃப் என்று தட்டிக்கொண்டிருந்தால் அந்தக் கணக்கு ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து தொடங்கும்.

காற்று வருகிறது, குளிர் வரவில்லை

அதிகம் வரும் புகார் இதுதான். தேவையில்லாமல் அதிகச் செலவு வைப்பதும் இதுதான்.

ரிமோட்டில் என்ன மோடு இருக்கிறது என்று பாருங்கள். ஃபேன் மோடில் வைத்துவிட்டு மெக்கானிக்கைக் கூப்பிடுவது சிரிப்பாகத் தோன்றும், ஆனால் எந்த மெக்கானிக்கைக் கேட்டாலும் நாலு கதை சொல்வார்.

அடுத்தது ஃபில்டர். வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தால் மறுபக்கம் தெரிய வேண்டும். தெரியவில்லை என்றால் சாதாரணத் தண்ணீரில் கழுவி, நிழலில் முழுக்க உலர்த்தி மாட்டுங்கள். தினமும் ஓடும் வீட்டில் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கழுவினால் நல்லது. ஃபில்டர் சுத்தமாக இருந்தும் காற்று மெலிதாக வந்தால், உள்ளே உருளை வடிவில் இருக்கும் புளோயரின் இதழ்களில் டார்ச் அடித்துப் பாருங்கள். ஒவ்வொரு இதழிலும் தூசி அடை அடையாகப் படிந்திருந்தால், மோட்டார் எவ்வளவு வேகமாகச் சுற்றினாலும் காற்றை அள்ளித் தள்ள முடியாது. ஃபில்டரை மட்டும் கழுவிவிட்டு "சர்வீஸ் ஆயிற்று" என்று சொல்கிறவர்கள் விட்டுவிடும் இடம் இது.

இப்போது வெளியே வாருங்கள். அவுட்டோர் யூனிட்டின் ஃபேன் சுற்றுகிறதா? அது தள்ளும் காற்றில் கையை நீட்டினால் நல்ல சூடு தெரிய வேண்டும். அறையிலிருந்து இழுத்த வெப்பம் அந்த வழியாகத்தான் வெளியேறுகிறது. சூடே இல்லை, ஃபேன் மட்டும் சுற்றுகிறது என்றால் கம்ப்ரசர் ஓடவில்லை. "ம்ம்ம்" என்று சில நொடி முனகிவிட்டு டக்கென்று அடங்கினால், இன்வெர்ட்டர் அல்லாத பழைய மாடல்களில் முதல் சந்தேகம் கெபாசிட்டர் மேல்தான் விழ வேண்டும். மெக்கானிக் மூடியைக் கழற்றும்போது அதன் மேல்பக்கம் உப்பியிருந்தால் சந்தேகமே வேண்டாம். மீட்டரில் அளந்தால் அதன் மேல் அச்சிட்டிருக்கும் மைக்ரோஃபாரட் அளவுக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும், நன்றாகக் குறைந்திருந்தால் மாற்ற வேண்டும். உதிரிபாகங்களில் இது மலிவானது. "கம்ப்ரசர் போச்சு" என்று யாராவது சொன்னால், கெபாசிட்டரை அளந்தீர்களா என்று கேட்பது உங்கள் உரிமை.

ஃபேனும் கம்ப்ரசரும் ஓடுகின்றன, ஆனாலும் குளிர் போதவில்லை என்றால் அவுட்டோரின் பின்பக்கத்துத் தகடுகளைப் பாருங்கள். தூசி, பஞ்சு, இறகு, காய்ந்த இலை எல்லாம் கம்பளி போல அப்பியிருக்கும். மென்மையாகத் தண்ணீர் அடித்துக் கழுவுங்கள். அழுத்தம் அதிகமான ஜெட்டைக் கிட்டத்தில் பிடித்தால் மெல்லிய அலுமினியத் தகடுகள் மடங்கி, அடைப்பு முன்பைவிட மோசமாகும். யூனிட்டைச் சுற்றிக் காற்று போக இடமும் வேண்டும். அழகுக்காக மூன்று பக்கமும் அடைத்துக் கூண்டு கட்டினால், தான் விட்ட சூட்டையே அது திரும்ப இழுத்துக்கொண்டிருக்கும்.

இவ்வளவும் முடித்த பிறகு ஒரு சாதாரணத் தெர்மாமீட்டரை எடுங்கள். ஏசியை அதிக ஃபேன் வேகத்தில், குறைந்த வெப்பநிலையில் வைத்து 15 நிமிடம் ஓடவிடுங்கள். மேல்பக்கம் உள்ளே போகும் காற்றையும், கீழே வெளியே வரும் காற்றையும் அளந்து கழியுங்கள். 8 முதல் 12 டிகிரி செல்சியஸ் வித்தியாசம் இருந்தால் மெஷின் தன் வேலையைச் செய்கிறது. அறை குளிராததற்குக் காரணம் திறந்திருக்கும் கதவு, வெயில் இறங்கும் கூரை, அறைக்குப் போதாத டன் அளவு ஆகியவற்றில் ஒன்றாக இருக்கும். புழுக்கம் மிகுந்த நாளில் இந்த வித்தியாசம் கொஞ்சம் குறையும், அது இயல்பு. எல்லாம் சுத்தமாக இருந்தும் 4, 5 டிகிரிதான் வருகிறது என்றால், இப்போது கேஸைப் பற்றிப் பேசலாம்.

காயிலிலோ குழாயிலோ ஐஸ் கட்டுகிறது

ஐஸைப் பார்த்ததும் நன்றாகக் குளிர்கிறது என்று நினைத்துவிடக் கூடாது. காயில் என்பது காற்றைக் குளிர்விக்கும் குழாய்த் தொகுதி. ஐஸ் மூடிய காயில் வழியாகக் காற்று போகாது. கூலிங்கை நிறுத்தி, ஃபேன் மோடில் ஓடவிட்டு முழுக்க உருகவிடுங்கள். ஒன்றிரண்டு மணி நேரம் பிடிக்கலாம். கத்தியாலோ ஸ்க்ரூடிரைவராலோ சுரண்டினால் காயில் ஓட்டையாகிவிடும், பிறகு செலவே வேறு.

ஐஸ் எங்கே கட்டுகிறது என்பதில் நல்ல துப்பு இருக்கிறது. காயில் முழுக்கப் பரவலாகக் கட்டினால் காற்றோட்டக் குறைவு, அதாவது ஃபில்டர் அல்லது புளோயர். காயிலின் ஒரு மூலையிலும் அவுட்டோருக்குப் போகும் மெல்லிய குழாயிலும் மட்டும் வெள்ளை படிந்து, தடித்த குழாய் குளிராமல் உலர்ந்திருந்தால் கேஸ் குறைந்திருக்க வாய்ப்பு அதிகம். நன்றாக ஓடும் ஸ்பிளிட் ஏசியில் தடித்த குழாயும் தொட்டால் சில்லென்று இருக்கும், வியர்க்கும்.

வீட்டுக்குள் தண்ணீர் சொட்டுகிறது

ஈரப்பதம் மிகுந்த நாளில் ஒரு ஏசி காற்றிலிருந்து மணிக்கு 1 லிட்டருக்கு மேல்கூடத் தண்ணீரைப் பிழிந்தெடுக்கும். அது காயிலுக்குக் கீழே உள்ள தட்டில் விழுந்து, டிரெயின் பைப் வழியாக வெளியேற வேண்டும். வெளியே பைப் நுனியில் சொட்டவில்லை, உள்ளே சுவரில் ஒழுகுகிறது என்றால் நடுவில் பாசியும் சளி போன்ற அழுக்கும் அடைத்திருக்கின்றன. பைப்பின் வெளி நுனியிலிருந்து, தண்ணீர் இழுக்கும் வாக்குவம் கிளீனரை வைத்து உறிஞ்சினால் பெரும்பாலும் வந்துவிடும். உள்ளிருந்து ஊதித் தள்ளுவதைவிட இது சுத்தமான வழி. பிறகு ஒரு குவளைத் தண்ணீரை மெதுவாகத் தட்டில் ஊற்றி, வெளியே அவ்வளவும் வருகிறதா என்று பாருங்கள். ஆசிட்டோ பிளீச்சோ ஊற்ற வேண்டாம், தகடுகளையும் குழாயையும் அரித்துவிடும்.

அடைப்பில்லாமலும் ஒழுகினால் பைப்பின் சாய்வைப் பாருங்கள். நடுவில் எங்கும் மேலே ஏறி இறங்கக் கூடாது. வெளி நுனி வாளித் தண்ணீரில் மூழ்கியிருந்தாலும் வடியாது. புதிதாக மாட்டியது முதலே ஒழுகினால், யூனிட் வடிகாலுக்கு எதிர்ப்பக்கம் சாய்ந்திருக்கும். காயிலில் ஐஸ் கட்டி உருகினாலும் இப்படித்தான் கொட்டும், அப்போது முந்தைய பகுதிக்குப் போங்கள்.

"குளுக் குளுக்" என்று சத்தத்தோடு தண்ணீர் வந்தால் இன்னொன்றையும் யோசியுங்கள். ஜன்னல் எல்லாம் இறுக மூடியிருக்க, சமையலறை எக்ஸாஸ்ட் ஃபேன் ஓடினால் வீட்டுக்குள் காற்றழுத்தம் குறைந்து, டிரெயின் பைப் வழியாக வெளிக்காற்று உள்ளே வரும். எதிரே வரும் காற்று தண்ணீரை வடியவிடாது. ஒரு ஜன்னலைத் திறந்ததும் சத்தம் நின்றால் விஷயம் அதுதான்.

எம்சிபி விழுகிறது

எப்போது விழுகிறது என்பதுதான் கேள்வி. கம்ப்ரசர் கிளம்பும் அந்தக் கணமே விழுந்தால் ஷார்ட், கம்ப்ரசர் உள்சுருளில் கோளாறு, அல்லது கெபாசிட்டர். பத்து இருபது நிமிடம் ஓடிய பிறகு, அதுவும் உச்சி வெயிலில் மட்டும் விழுந்தால், அழுக்கேறிய அவுட்டோர் காயிலோ மெதுவாகச் சுற்றும் ஃபேனோ கம்ப்ரசரை மூச்சுத்திணற வைத்து அதிகக் கரண்ட் இழுக்கச் செய்கிறது. எம்சிபி நிற்க, கரண்ட் கசிந்தால் துண்டிக்கும் ஆர்சிசிபி மட்டும் விழுந்தால் கரண்ட் எங்கோ எர்த்துக்குக் கசிகிறது. இந்த மூன்றாவது உயிர் சம்பந்தப்பட்டது. ஆர்சிசிபியைக் கழற்றிவிட்டு நேரடியாக இணைத்துத் தருகிறேன் என்று யார் சொன்னாலும் ஒப்புக்கொள்ளாதீர்கள். பெரிய எம்சிபி போட்டால் விழாது என்பதும் அதே ரகம். அதற்கு ஏற்ற தடிமனில் வயர் இல்லையென்றால் எம்சிபிக்குப் பதில் வயர் சூடேறும்.

ஒருமுறை தூக்கிவிட்டுப் பார்க்கலாம். மறுபடி விழுந்தால் அதோடு நிறுத்துங்கள்.

நாற்றமும் சத்தமும்

ஈரத்துணி, அழுக்குச் சாக்ஸ் வாடை என்றால் காயிலிலும் புளோயரிலும் பூஞ்சை. நறுமண ஸ்பிரே அதை மறைக்கும், போக்காது. கழற்றிக் கழுவ வேண்டும். அதன்பின் தினமும் நிறுத்தும் முன் பத்து நிமிடம் ஃபேன் மோடில் ஓட்டி உள்ளே உலரவிட்டால் பூஞ்சை திரும்ப வருவது தள்ளிப்போகும். கருகிய வாடை வந்தால் யோசிக்காமல் எம்சிபியை இறக்குங்கள்.

நிறுத்தும்போது "உஸ்" என்ற சத்தம், குளிரும்போது பிளாஸ்டிக்கில் "டிக் டிக்" இரண்டும் இயல்பு. கடகடவென்று ஆடும் சத்தத்துக்குத் தளர்ந்த திருகோ, அவுட்டோருக்கு அடியில் தேய்ந்த ரப்பர் பாதமோ காரணமாக இருக்கும். உலோகம் உலோகத்தோடு உரசும் சத்தம் வந்தால் ஓட்ட வேண்டாம்.

சில நிமிடத்திலேயே கம்ப்ரசர் நின்றுவிடுகிறது, அறை ஜில்லென்று ஆனாலும் பிசுபிசுக்கிறது

இதற்குச் சின்னக் காரணம் ஒன்று உண்டு. அறை வெப்பத்தை அளக்கும் சென்சார், மணி போன்ற ஒரு சின்ன நுனியோடு, காற்று உள்ளே போகும் இடத்தில் கிளிப்பில் மாட்டியிருக்கும். சர்வீஸ் செய்யும்போது அது நழுவிக் காயிலைத் தொட்டுக்கொண்டிருந்தால், அறை குளிர்ந்துவிட்டது என்று மெஷின் நம்பிவிடும். பழைய கிளிப்பிலேயே மாட்டினால் சரியாகிவிடும்.

பெரிய காரணம், அறைக்குத் தேவைக்கு மேல் பெரிய ஏசி. அது காற்றைச் சீக்கிரம் குளிர்வித்து நின்றுவிடும், ஈரத்தை எடுக்க நேரம் கிடைக்காது. உடம்புக்கு இதமாக இருப்பதில் ஈரத்துக்குப் பாதிப் பங்கு என்றே சொல்லலாம். 1902இல் அமெரிக்கப் பொறியாளர் வில்லிஸ் கேரியர் நியூயார்க்கின் புரூக்ளினில் இருந்த அச்சகம் ஒன்றுக்காக வடிவமைத்த, நவீன ஏசியின் முன்னோடியான அமைப்பே அங்கே காகிதம் ஈரம் ஏறி விரிந்து வண்ணங்கள் தப்பி விழுவதைத் தடுக்கத்தான், ஆட்களுக்குக் குளிரூட்ட அல்ல. தற்காலிகமாக டிரை மோடும் குறைந்த ஃபேன் வேகமும் உதவும். நிரந்தரத் தீர்வு, அடுத்தமுறை வாங்கும்போது சரியான அளவு.

ஹீட்டிங்கில் போட்டால் அவுட்டோரில் பனி

ஹீட் பம்ப் என்பது இதே ஏசி திசை மாறி ஓடுவதுதான். குளிர்காலத்தில் வெளிக்காயில் குளிர்ந்து வெளிக்காற்றிலிருந்து வெப்பத்தை இழுக்கும். அதனால் வெளியே 4, 5 டிகிரி இருக்கும்போதே காயில் பூஜ்யத்துக்குக் கீழே போய் வெண்பனி படியும். மெல்லிய பனி கோளாறு அல்ல. அவ்வப்போது மெஷின் தானாகவே சில நிமிடம் திசையைத் திருப்பிப் பனியை உருக்கும். அந்த நேரத்தில் உள்ளே சூடான காற்று நிற்கும், வெளியே "புஸ்" என்ற சத்தத்தோடு புகை போல ஆவி எழும். தீப்பிடித்துவிட்டது என்று பயப்பட வேண்டாம்.

பனி உருகாமல் மணிக்கணக்கில் யூனிட் முழுவதும் கட்டிக் கிடந்தால் அது கோளாறு. பனி உருக்கும் சென்சார், வெளி ஃபேன், திசை மாற்றும் வால்வு, கேஸ் என்ற வரிசையில் மெக்கானிக் பார்க்க வேண்டும். ஆன் செய்ததும் ஒன்றிரண்டு நிமிடம் இன்டோர் ஃபேன் சுற்றாமல் இருப்பது வேறு விஷயம். காயில் சூடாகும் வரை குளிர்காற்றை உங்கள் மேல் அடிக்கக் கூடாது என்று அது காத்திருக்கிறது. ஹீட்டிங்குக்கும் ஃபில்டர் அவ்வளவே முக்கியம்.

ரேடியேட்டர், பாய்லர், கேஸ் ஹீட்டர்

ரேடியேட்டரின் மேல்பாதி குளிர்ந்து கீழ்பாதி சூடாக இருந்தால் உள்ளே காற்று அடைந்திருக்கிறது. ஹீட்டிங்கை நிறுத்தி ஆறவிட்டு, மேல் ஓரத்திலுள்ள சின்ன வால்வைச் சாவியால் அரைச்சுற்றுத் திருப்பினால் காற்று சீறி வெளியேறும். தண்ணீர் எட்டிப் பார்த்ததும் மூடிவிடுங்கள். கீழ்பாதி குளிர்ந்திருந்தால் அடியில் துருச் சேறு தங்கியிருக்கிறது, அதை அலசி வெளியேற்ற வேண்டும். காற்றை விட்டபின் பாய்லரின் அழுத்தமானியைப் பாருங்கள். பெரும்பாலான வீட்டு பாய்லர்களில் ஆறிய நிலையில் 1 முதல் 1.5 பார் இருக்க வேண்டும். சூடானதும் 3 பாரை நெருங்கி, பாதுகாப்பு வால்வு தண்ணீரைக் கக்கினால், சூட்டில் விரியும் தண்ணீருக்கு இடம் தரும் விரிவுக் கலத்தில் கோளாறு. தண்ணீர் சேர்த்துச் சேர்த்து அது சரியாகாது.

எரிபொருளை எரித்து வீட்டுக்குச் சூடான காற்று தரும் ஃபர்னஸ் பற்றி எரிந்து சில நொடியில் அணைந்தால், தீயை உணரும் கம்பியில் படிவு ஏறியிருக்கலாம். அதைத் தேய்த்துச் சுத்தம் செய்வது பயிற்சி உள்ளவருக்குச் சின்ன வேலை. ஆனால் நீல நிறத்தில் எரிய வேண்டிய சுடர் மஞ்சளாகி ஆடுகிறது, அருகே கரி படிகிறது, வீட்டில் உள்ளவர்களுக்குத் தலைவலியும் மயக்கமும் குமட்டலும் வருகின்றன என்றால் ரிப்பேர் பற்றியே பேச வேண்டாம். கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. எல்லோரையும் வெளியே கூட்டிக்கொண்டு போய், அங்கிருந்து உதவிக்கு அழையுங்கள். எரிபொருளால் ஓடும் ஹீட்டர் உள்ள வீட்டில், படுக்கும் இடத்துக்கு அருகே அந்த வாயுவைக் காட்டிக்கொடுக்கும் அலாரம் கட்டாயம் இருக்க வேண்டும்.

லைட் மினுக்குகிறது, எரர் கோடு வருகிறது

எம்சிபியை இறக்கும் முன் போனில் வீடியோ எடுத்துவிடுங்கள். கரண்ட்டை நிறுத்தினால் சில மாடல்களில் கோடு அழிந்துவிடும். ஒரே கோடுக்கு ஒவ்வொரு கம்பெனியும் ஒவ்வொரு அர்த்தம் வைத்திருப்பதால், உங்கள் மாடலின் கையேட்டைத்தான் பார்க்க வேண்டும்.

கேஸ் குறைந்தது உறுதி என்றால்

அப்போதும் முதல் வேலை நிரப்புவது அல்ல, கசிவைக் கண்டுபிடிப்பது. குழாய் இணையும் ஃபிளேர் நட்டுகளில் எண்ணெய்ப் பிசுக்கு இருக்கிறதா என்று பாருங்கள். கேஸோடு கம்ப்ரசர் எண்ணெயும் சேர்ந்து கசிவதால் அங்கே தூசி ஒட்டிக் கறுத்திருக்கும். சோப்புத் தண்ணீர் தடவினால் குமிழி எழும். தெரியவில்லை என்றால் நைட்ரஜன் அடைத்து அழுத்தம் இறங்குகிறதா என்று சோதிப்பார்கள்.

அடைத்த பிறகு வாக்குவம் பம்ப் வைத்து உள்ளே இருக்கும் காற்றையும் ஈரத்தையும் இழுக்க வேண்டும். "கொஞ்சம் கேஸை விட்டே காற்றைத் தள்ளிவிடலாம்" என்றால் மறுத்துவிடுங்கள். பிறகு பெயர்த் தகட்டில் எழுதியிருக்கும் கிராம் அளவைத் தராசில் நிறுத்து ஏற்ற வேண்டும். ஏசிக் கேஸ் வகைகளில் ஒன்றான ஆர் 410ஏ இரண்டு வாயுக்களின் கலவை என்பதால், மீதமிருப்பதை மீட்டெடுத்துவிட்டு முழு அளவையும் புதிதாக ஏற்றுவதே முறை. ஆர் 32 மெதுவாகத் தீப்பிடிக்கக்கூடியது, ஆர் 290 என்பது புரொப்பேன்தான். உள்ளே கேஸ் இருக்கும்போது குழாயில் பற்றவைப்பு வேலை செய்ய யாரையும் அனுமதிக்காதீர்கள்.

ரிப்பேரா, புதிதா?

கெபாசிட்டர், ஃபேன் மோட்டார், சென்சார், ஃபிளேர் கசிவு எல்லாம் ரிப்பேர் செய்ய வேண்டியவை. கம்ப்ரசர் போய்விட்டது, உத்தரவாதமும் முடிந்துவிட்டது என்றால் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். ஆர் 22 ஓடும் பழைய மெஷின் என்றால் நான் கணக்கே போட மாட்டேன், புதிதுதான். ஓசோன் படலத்தைக் காக்க 1987இல் உருவான மான்ட்ரியல் ஒப்பந்தத்தின்கீழ் அந்த வாயு உலகெங்கும் விலக்கப்பட்டு வருகிறது.

புதிது வாங்கும் முன் கூரைச் சூடு, ஜன்னல் இடுக்கு, வெயில் படும் கண்ணாடி ஆகியவற்றைச் சரிசெய்துவிட்டு அளவைத் தீர்மானியுங்கள். 1 டன் என்பது சுமார் 3.5 கிலோவாட் வெப்பத்தை வெளியேற்றும் திறன். முதலில் வெப்பம் உள்ளே வருவதைக் குறைத்தால் ஒரு படி சின்ன மெஷினே போதுமானதாக இருக்கலாம். நாள் முழுக்க ஓடும் அறைக்கு இன்வெர்ட்டர் லாபம். அது நின்று நின்று கிளம்பாமல் வேகத்தைக் குறைத்துத் தொடர்ந்து ஓடும், ஈரத்தையும் நன்றாக எடுக்கும். எப்போதாவது ஒரு மணி நேரம் ஓடும் விருந்தினர் அறைக்கு அதன் கூடுதல் விலை திரும்பி வருவது கஷ்டம்.

சுவருக்குள் பதித்த பழைய காப்பர் குழாயையே வைத்துக்கொள்ளலாமா என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். ஆர் 22 குழாயில் தாது எண்ணெய் தங்கியிருக்கும், புதிய வாயுக்களின் கம்ப்ரசர்களுக்கு அது ஒத்துவராது. அதோடு ஆர் 410ஏ, ஆர் 32 இரண்டும் ஏறத்தாழ ஒன்றரை மடங்குக்கும் மேல் அழுத்தத்தில் ஓடுபவை. குழாயின் விட்டமும் தடிமனும் புது மெஷினின் கையேட்டோடு பொருந்தி, உட்புறம் முழுக்க அலசப்பட்டு, ஃபிளேர் முனைகள் புதிதாக வெட்டப்பட்டால் மட்டும் வைத்துக்கொள்ளலாம். இதில் ஒன்று குறைந்தாலும் சுவரை உடைத்துப் புதுக் குழாய் போட்டுவிடுங்கள்.